என் குட்டிக் காரில் மாருதி ஈகோ வேன் எஞ்சின் ஏற்றித் தந்த கணபதிப் பட்டறை

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப் பவுண்டரிக்குப் பின்சந்தில் இருக்கிறது இந்தப் பட்டறை. பெயர்ப்பலகை கிடையாது. பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்கார அண்ணனே கேட்டுக்கொண்டதால் நானும் எழுதவில்லை. இந்த வேலைக்குச் சரியான ஆள் தேடி ஒன்றரை வருஷம் அலைந்தவன் நான். அதனால் வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

கார் நானும் என் மச்சானும் பல்லடத்தில் எங்கள் தறிக்குடோனில் 2017இல் கட்டியது. ஒரு அங்குலச் சதுரக் குழாயில் சேஸிஸ், மேலே அலுமினியத் தகடு, இரண்டு சீட். கதவும் இல்லை, கூரையும் இல்லை. இங்கிலாந்தில் காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன்தான் எங்களுக்கு முன்மாதிரி. 1973இலிருந்து அதைக் கேட்டர்ஹாம் கம்பெனி தயாரிக்கிறது. பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே கோத்துக்கொள்ளவும் வழி உண்டு. நமக்கு அதெல்லாம் கட்டுப்படியாகாது. கையில் இருந்த பழைய ஆம்னியின் 796 சிசி கார்புரேட்டர் எஞ்சினை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். வளைவில் கார் ஒட்டிக்கொண்டு போகும். நேர்ப்பாதைக்கு வந்ததும் எஞ்சின் திணறும்.

எஞ்சின் மாற்றலாம் என்றதும் எல்லோரும் ஸ்விஃப்ட் எஞ்சினைத்தான் சொன்னார்கள். ஸ்விஃப்டில் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்து முன்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதை நெடுக்காகத் திருப்பிப் பின்சக்கரத்துக்கு ஓட்டம் கொடுக்க வேண்டுமென்றால், வேறு கியர்பாக்ஸ் தேடி, நடுவில் ஒரு அடாப்டர் பிளேட்டும் கடைய வேண்டும். ஈகோவில் அந்தப் பாடே இல்லை. எஞ்சின் நெடுக்காகவே இருக்கிறது, ஓட்டமும் பின்சக்கரத்துக்கே போகிறது. 2022 நவம்பரில் வந்த ஈகோவில் 1197 சிசி கே சீரிஸ் எஞ்சின். பெட்ரோலில் 80.76 பிஎஸ் குதிரைத்திறன், 104.4 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. விபத்தில் பின்பக்கம் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஒயரிங், இசியு (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்), சாவி எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய்க்கு வாங்கினேன். சாவியை மறந்துவிடாதீர்கள். சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இமொபிலைசர் உள்ள வண்டி இது. இசியுவும் இமொபிலைசரும் சாவியும் ஒரே வண்டியுடையதாக இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றினாலும் எஞ்சின் பிடிக்காது.

முதலில் வேறொரு ஊரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். "தேவையில்லாத ஒயரையெல்லாம் எடுத்துட்டோம்" என்று ஹார்னஸை, அதாவது மொத்த ஒயர்க்கட்டை, நடுவில் வெட்டி, கறுப்பு டேப் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். மூன்று மாதமும் இன்னொரு ஹார்னஸுக்கான 14,000 ரூபாயும் போனது. அந்த வெட்டுப்பட்ட ஒயர்க்கட்டைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணபதி அண்ணன் முதல் நாள் ஸ்பேனரையே தொடவில்லை. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையைத் தரையில் போட்டு, புது ஹார்னஸை அதன்மேல் வண்டியில் எப்படி ஓடுமோ அப்படியே விரித்து, ஆணி அடித்துக் கட்டினார். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதினார்: கிராங்க், கேம், ஆக்சிலரேட்டர், கூலன்ட், ஆக்சிஜன் சென்சார். அப்புறம் எஞ்சினைத் தரையில் ஒரு ஸ்டாண்டில் நிறுத்தி, பலகையோடு இணைத்து, பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டினார். "ஏனுங்க தம்பி, கீழ ஓடுனாத்தானுங்க மேல ஏத்தோணும். மேல போயி ஓடலைன்னா எங்கேன்னு தேடறதுங்க?" என்றார். அதன்பிறகுதான் ஹெட்லைட், ஹாரன், வைப்பர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்றைக் கழற்றியதும் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். வேகம் காட்டும் சென்சாரின் ஒயரைக் கழற்றியபோது ஐடிலிங் தடுமாறியது. உடனே திரும்பப் போட்டுவிட்டார். நாலு நாள் இதிலேயே போனது. அந்த நாலு நாள் கூலிக்கு நான் மனதாரப் பணம் கொடுத்தேன்.

அடுத்தது சம்ப், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் தொட்டி. எஞ்சினை சேஸிஸில் இறக்கி வைத்தபோது சம்ப் அடிக்குழாயைவிட 45 மில்லிமீட்டர் கீழே தொங்கியது. இவ்வளவு தாழ்வான காரில் ஒரு வேகத்தடை போதும், சம்ப் உடைந்து எண்ணெய் முழுக்கத் தரையில் கொட்டிவிடும். உயரத்தைக் குறைத்து, கொள்ளளவு குறையாமல் இருக்க இரண்டு பக்கமும் பெட்டி போல் அகலப்படுத்தி, புது சம்ப் செய்தார். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தார். வேகமாக வளைவு எடுக்கும்போது எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போனால் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும், பேரிங் போய்விடும்.

எண்ணெய் உறிஞ்சும் குழாயையும் சம்ப் உயரத்துக்கு ஏற்றபடி குட்டையாக்க வேண்டியிருந்தது. குழாய் வாய்க்கும் சம்ப் அடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று மூடிய பிறகு எப்படிப் பார்ப்பது? பையனிடம் கொஞ்சம் களிமண் வாங்கிவரச் சொன்னார். பிள்ளைகள் பொம்மை செய்யும் களிமண். நெல்லிக்காய் அளவு உருட்டிச் சம்ப் அடியில் வைத்து, கேஸ்கெட்டோடு போல்ட் முழுக்க முறுக்கி, மறுபடி கழற்றினார். களிமண் வட்டமாக நசுங்கி, குழாய் வாயின் வலைக்கண் அப்படியே அதில் பதிந்திருந்தது. வெர்னியரை வைத்தார்: 6 மில்லிமீட்டர். "இன்னுஞ் சித்தெ வேணுமுங்க" என்று குழாயைக் கழற்றி மறுபடி பற்றவைத்தார். மூன்றாவது தடவை 9 வந்தது. அதற்குப் பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்தார். அவர் வீட்டு அரிசிம்பருப்புச் சாதம், எனக்கும் சேர்த்து.

ஓட்டத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கி, பேலன்ஸ் பார்த்து வாங்குவதெல்லாம் கோயம்புத்தூரில் ஒரு நாள் வேலை. பெட்ரோல் டேங்கும் அப்படித்தான். ஈகோவின் பம்ப் டேங்குக்குள்ளேயே நிற்பது என்பதால், அதன் உயரத்துக்கு ஏற்ற டேங்க் செய்ய வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆறு வாரம் என்றார், பதினாலு வாரம் ஆனது. எஸ்டிமேட் எழுதித் தரவில்லை. கூலி கடைசியில் 1,38,000 ரூபாய் வந்தது. போனை எடுப்பது அபூர்வம், நேரில்தான் போக வேண்டும். ரேடியேட்டரில் ஒரு பிசகும் நடந்தது. இந்தக் காரின் மூக்கு தாழ்வு, எஞ்சின் ரேடியேட்டரைவிட உயரம். டிராக்கில் முதல் ஓட்டத்தில் நாலாவது சுற்றிலேயே சூடு ஏறிவிட்டது. தெர்மோஸ்டாட் பக்கம் காற்று அடைத்து நின்றிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன டேங்க் வைத்து, காற்று வெளியேற ஒரு குழாயும் கொடுத்து அவரே சரி செய்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. இருந்தாலும் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது.

இந்தக் கார் சாலையில் ஓடாது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சின்ன யானையில் ஏற்றி செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்டுகிறேன். மாருதி எஞ்சினை வைத்து இந்த ஊரிலேயே ரேஸ் கார் கட்டிய கரிவர்தன் 1995இல் விமான விபத்தில் இறந்தார். 2003இல் திறந்த அந்த டிராக்குக்கு அவர் பெயர்தான். அங்கே போய் நிற்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

எடைமேடையில் ஏற்றிப் பார்த்தோம். ஆம்னி எஞ்சினோடு 498 கிலோவாக இருந்தது இப்போது 561. டன்னுக்குக் கணக்குப் போட்டால் 144 பிஎஸ் வருகிறது. கேட்டர்ஹாம் 170 மாடலிலும் சுசூகி எஞ்சின்தான். 660 சிசி டர்போ, 84 குதிரைத்திறன், கார் 440 கிலோ. அதை எட்ட எங்கள் சேஸிஸ் இன்னும் எவ்வளவோ இளைக்க வேண்டும். ஆனால் மூன்றாவது கியரில் வளைவை விட்டு வெளியே வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டுகிறது. மச்சான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

வண்டியை எடுத்துவரும்போது எஞ்சின் மவுண்டிங் போல்ட் ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, அதே கோட்டை பிராக்கெட்டிலும் நீட்டிவிட்டிருந்தார். நாலு தடவை டிராக் போன பிறகு கொண்டுவரச் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். இடதுபக்கப் பின் போல்ட்டில் மட்டும் கோடு கால் சுற்று விலகியிருந்தது. டார்க் ரெஞ்சால் முறுக்கி, பழைய கோட்டைத் துடைத்து, புதுக் கோடு போட்டுக் கொடுத்தார். மறுபடி நாலு தடவை ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.