அமெரிக்கத் தாவர உயிரியலாளர் சங்கம்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது

சங்கம் 1924-இல் தாவர உடலியலாளர் சங்கமாகத் தொடங்கியது. 2001-இல் 'தாவர உயிரியலாளர்' என்று பெயரை மாற்றிக்கொண்டது. அலுவலகம் மேரிலாந்தின் ராக்வில்லில். 'பிளான்ட் பிஸியாலஜி' 1926 முதலும், 'தி பிளான்ட் செல்' 1989 முதலும் வரும் ஆய்விதழ்கள். 2021 முதல் இரண்டையும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிடுகிறது.

உறுப்பினராகச் சேருகிறவர்கள் முதலில் பார்ப்பது ஆண்டு மாநாட்டுக் கட்டணச் சலுகையை. 2024-இல் மாநாடு ஹொனலூலுவில் நடந்தது. விமானச் செலவுக்கு முன்னால் அந்தச் சலுகை எந்த மூலைக்கு? சந்தாவே கட்டாவிட்டாலும் பயன்படுவது, இந்த இதழ்கள் கட்டுரையாளர்களுக்குத் தரும் வழிகாட்டிதான். அதைக் கட்டுரை எழுதும்போது திறப்பது தாமதம்; விதை ஊன்றும் முன்பே படிக்க வேண்டும்.

ஏனென்றால் கட்டுரை திரும்பி வருவது பெரும்பாலும் மொழியால் அல்ல. ஒரே செடியின் மூன்று இலைகளை 'மூன்று மறுசெயல்' (தனித்தனிச் சோதனை மாதிரிகள்) என்று எழுதியிருப்பார்கள். அது ஒரே செடியை மூன்று முறை அளந்தது, அவ்வளவுதான். ஒரே தட்டிலுள்ள நான்கு தொட்டிகளும் கிட்டத்தட்ட அதே கதை: வளர்ப்பறையின் மூலையில் வெளிச்சம் குறைவு, விசிறிப் பக்கம் ஈரம் சீக்கிரம் காயும். தட்டுகளை இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, சோதனையை வேறு நாளில் விதைத்து மறுபடி செய்தால்தான் எண்ணிக்கை நிற்கும்.

ஆய்வகங்களில் அதிகம் வளர்க்கும் சிறு செடியான அராபிடாப்சிஸின் மியூட்டன்ட் (ஒரு மரபணு பழுதான செடி) விஷயத்தில், கட்டுரையை மதிப்பிடும் நடுவர்கள் இன்னும் கறார். ஒரே டி-டிஎன்ஏ செருகலை (மரபணுவுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் டிஎன்ஏ துண்டு) வைத்து 'இந்த மரபணுதான் காரணம்' என்றால் ஏற்கமாட்டார்கள், செருகல் வேறிடத்திலும் இருக்கலாம். அதே மரபணு தனித்தனியாகப் பழுதான இரண்டு அல்லீல் (மரபணு வடிவம்) வேண்டும், இல்லையென்றால் நல்ல மரபணுவைத் திரும்பச் செலுத்திக் குறை சரியாவதைக் காட்ட வேண்டும். சால்க் நிறுவனம் உருவாக்கிய செருகல் செடிகளான சால்க் வரிசைகளில், செருகல் உள்ள செடிதான் பிழைக்கும் என்று கனமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை மட்டும் நம்பித் தேர்வு செய்தால் ஏமாற்றம்தான். அந்த எதிர்ப்புத்திறன் அடிக்கடி அடங்கிப்போய், சரியான செடிகளும் வெளுத்துச் சாகும். ஒவ்வொரு செடியையும் பிசிஆரில் (டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பார்ப்பதே வழி. கட்டுரையில் போடும் ஜெல் படத்தில் (டிஎன்ஏ துண்டுகள் பட்டைகளாகத் தெரியும் படம்) பட்டை நிரல்களை வெட்டி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் கோடு போடுங்கள்.

கற்பிப்பவர்களுக்கு 2009-இல் தொடங்கிய 'டீச்சிங் டூல்ஸ் இன் பிளான்ட் பயாலஜி' நல்ல கருவி. ஹார்மோன்கள் போன்ற ஒவ்வொரு தலைப்புக்கும் ஸ்லைடுகளும் குறிப்பும் உண்டு. குறை, உதாரணங்களில் அராபிடாப்சிஸ் ஆதிக்கம். நெல், கேழ்வரகு எல்லாம் நாமே சேர்க்க வேண்டும். பழைய தொகுப்புகளை அப்படியே ஓட்டாமல் புதிய ஆய்வுகளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுரையில் வந்த விதையையும் பிளாஸ்மிடையும் (மரபணுவைச் சுமக்கும் வளைய டிஎன்ஏ) கேட்பவருக்குத் தர வேண்டும் என்பது இதழ்களின் விதி. தரும் பொறுப்பு எந்தக் கட்டுரையாளருக்கு என்று கட்டுரையிலேயே இருக்கும். ஆனால் அவர் சம்மதித்ததும் தபாலில் வாங்கிவிட முடியாது. இந்தியாவுக்குள் ஆய்வு விதை வர டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை. மரபணு மாற்றிய விதை என்றால் உயிரிப் பாதுகாப்புக் குழு ஒப்புதலும் சேரும். ஆகவே மின்னஞ்சல் போட்ட கையோடு அனுமதி விண்ணப்பத்தையும் தொடங்குங்கள். அராபிடாப்சிஸ் விதை வந்ததும் எல்லாவற்றையும் ஊன்றிவிடாதீர்கள்: பாதியைச் சிலிக்கா ஜெல்லோடு 4 டிகிரியில் வையுங்கள், மீதியை ஈரத்தாளில் இரண்டு மூன்று நாள் அதே குளிரில் இருட்டில் வைத்துப் பிறகு விதையுங்கள்.