மைபை: பச்சை வரியை நம்புவதற்கு முன்

பைதானில் எழுதிய வெப் ஏபிஐக்கு டைப் சோதனை (எங்கே எண், எங்கே எழுத்து வர வேண்டும் என்று நிரலை ஓட்டாமலே சரிபார்ப்பது) சேர்க்க நினைப்பவர்களில் பலர் முதலில் கையில் எடுப்பது மைபை. யூக்கா லெஹ்டோசாலோ கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்தபோது தொடங்கிய கருவி இது. பிறகு டிராப்பாக்ஸில் வளர்ந்தது. அங்கே 40 லட்சம் வரி பைதான் நிரலை இதைக் கொண்டு சோதிப்பதாக 2019இல் அந்நிறுவனமே எழுதியது. இலவசம், ஓப்பன் சோர்ஸ், நிறுவ ஒரே கட்டளை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏபிஐயில் இதைச் சேர்ப்பது வேறு வேலை. அதற்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று. டைப் குறிப்பே இல்லாத ஃபங்ஷனின் உள்ளே மைபை எட்டிப் பார்ப்பதில்லை. இயல்பு அமைப்பு அப்படித்தான். பழைய ப்ராஜெக்டில் ஓட்டிவிட்டு, நாலைந்து இம்போர்ட் எரர்களை அடைத்ததும் ‘பிழை இல்லை’ என்று பச்சையில் வரும். உண்மையில் அந்த ஃபங்ஷன்களுக்குள் எதுவுமே சோதிக்கப்பட்டிருக்காது. அதனால் முதல் நாளே ‘செக் அன்டைப்டு டெஃப்ஸ்’ அமைப்பைப் போடுங்கள். குறிப்பு இல்லாத ஃபங்ஷன்களின் உடலும் அப்போது சோதனைக்குள் வரும். எரர் எண்ணிக்கை திடீரென ஏறும், ஏறட்டும்.

அடுத்து, எங்கிருந்து தொடங்குவது? பலர் வியூ ஃபைல்களில் (வரும் கோரிக்கைக்குப் பதில் தரும் பகுதி) தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். வியூ அழைக்கும் கீழ்நிலை ஃபங்ஷனுக்கு டைப் இல்லையென்றால் அது திருப்பித் தருவது ‘எனி’, அதாவது எந்த டைப்பாகவும் இருக்கலாம் என்ற குறி. எனி வந்த இடத்தில் மைபை வாயைத் திறக்காது. ஆகவே அடியிலிருந்து மேலே வாருங்கள்: முதலில் ஸ்கீமாக்கள் (தரவின் வடிவத்தைச் சொல்பவை), பிறகு டேட்டாபேஸைத் தொடும் பகுதி, பிறகு கணக்குப் போடும் சர்வீஸ் பகுதி, கடைசியில் வியூ. முடிந்த ஒவ்வொரு ஃபோல்டருக்கும் பைப்ராஜெக்ட் டாம்ல் என்ற அமைப்பு ஃபைலில் தனி ஓவர்ரைடு பிரிவு எழுதி ‘டிஸ்அலோ அன்டைப்டு டெஃப்ஸ்’ போட்டால், அங்கே இனி யாரும் குறிப்பில்லாத ஃபங்ஷனைச் சேர்க்க முடியாது. ‘ஸ்டிரிக்ட்’ என்ற ஒரே சொல்லை அந்தப் பிரிவில் எழுதக் கூடாது. அது முழு ப்ராஜெக்டுக்கான அமைப்பு. ஃபோல்டர் அளவில் வேண்டுமென்றால் அதற்குள் அடங்கிய அமைப்புகளைத் தனித்தனியே எழுதியாக வேண்டும்.

இப்படிச் செய்தால் பலன் உடனே தெரியும். டேட்டாபேஸ் லைப்ரரியான எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0இல் செஷனிடம் ஐடி கொடுத்து ஒரு பயனரைக் கேட்டால், கிடைக்கும் டைப் ‘யூசர் அல்லது நன்’. நன் என்றால் எதுவும் இல்லை. அதன்மேல் நேரடியாக ஈமெயிலைத் தொட்டால் ‘யூனியன் ஆட்டர்’ எரர் வரும். நீங்கள் ‘நன்’ கிளையை எழுதியே ஆக வேண்டும், அந்தக் கிளையில் எழுதுவதற்கு இருப்பது 404 (கிடைக்கவில்லை) என்ற பதில். அழிக்கப்பட்ட ஐடியை யாரோ கேட்டதும் 500 (சர்வர் பிழை) கொடுத்துக்கொண்டிருந்த எண்ட்பாயின்ட்கள் இப்படித்தான் திருந்துகின்றன. பணக் கணக்கிலும் இதே கதை. டெசிமல் தொகையை 0.18 என்ற ஃப்ளோட்டால் பெருக்கினால் ஓடும்போது டைப் எரரில் விழும். மைபை அதை முன்கூட்டியே சொல்லிவிடும். டெஸ்ட் எழுதாத வரிவிலக்குக் கிளைக்குள் ஒளிந்திருந்தாலும் சொல்லும். ஆர்டர் ஐடி, யூசர் ஐடி இரண்டும் வெறும் முழு எண்ணாக இருந்தால் மட்டும் இடம் மாற்றிக் கொடுத்தாலும் கண்டுபிடிக்காது. இரண்டுக்கும் ‘நியூடைப்’ கொண்டு தனித்தனி டைப் வைத்துவிடுங்கள். இரண்டே வரி.

மைபையின் எல்லை ஏபிஐயின் வாசலில் தெரிகிறது. ஜேசனைப் பிரிக்கும் ஃபங்ஷன் தருவது எனி. ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரியின் ஜேசன் மெத்தடும் அப்படியே. அதை ‘டைப்டுடிக்ட்’ (ஃபீல்டுகளுக்கு டைப் சொன்ன டிக்ட்) என்று எழுதிவைத்தால் மைபை நம்பிவிடும். கிளையன்ட் உண்மையில் என்ன அனுப்பினான் என்று ஓடும் நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு உடலையும் பைடான்டிக் (ஓடும் நேரத்தில் தரவைச் சரிபார்க்கும் லைப்ரரி) மாடல் வழியாக உள்ளே விட்டால்தான் உள்ளே இருக்கும் டைப்புகளுக்கு அர்த்தம். பைடான்டிக்கின் மைபை பிளகின்னைப் போடும்போது ‘இனிட் டைப்டு’ அமைப்பை ட்ரூ என்று வையுங்கள். இல்லாவிட்டால் மாடலை உருவாக்கும் இடத்தில் எல்லா ஃபீல்டும் எனியாகவே எடுத்துக்கொள்ளப்படும்.

பேட்ச் எண்ட்பாயின்ட் (ஒரு பதிவின் சில ஃபீல்டுகளை மட்டும் மாற்றுவது) தனியாகச் சொல்லத் தக்கது. ஃபோன் ஃபீல்டை ‘ஸ்ட்ரிங் அல்லது நன், இயல்பு மதிப்பு நன்’ என்று எழுதுகிறோம். கிளையன்ட் பெயரை மட்டும் மாற்ற அனுப்புகிறது, ஃபோன் அனுப்பவில்லை. மாடலில் ஃபோன் இப்போது ‘நன்’. அதை அப்படியே டேட்டாபேஸில் எழுதினால் வாடிக்கையாளரின் எண் அழிந்துபோகும். மைபைக்கு எல்லாம் சரி, பைடான்டிக்குக்கும் சரி. ‘அனுப்பவில்லை’ என்பதும் ‘நல் என்று அனுப்பினான்’ என்பதும் டைப் அளவில் ஒன்றுதான். மாடலை டிக்ட்டாக மாற்றும்போது ‘எக்ஸ்க்ளூட் அன்செட்’ கொடுப்பதே வழி, அனுப்பாத ஃபீல்டுகளை அது விட்டுவிடும். டைப் சோதனை இருக்கிறதே என்று இந்த இடத்துக்கான டெஸ்டை விட்டுவிடாதீர்கள்.

பெரிய ஓட்டை இன்னொன்று, கமிட்டுக்கு முன் சோதனைகளை ஓட்டும் ப்ரீகமிட்டில் இருக்கிறது. பலரும் சேர்க்கும் மைபை ஹூக் தனிச் சூழலில் ஓடுகிறது. உங்கள் லைப்ரரிகள் எதுவும் அதில் கிடையாது. ‘இக்னோர் மிஸ்ஸிங் இம்போர்ட்ஸ்’ வேறு இயல்பாகவே போடப்பட்டிருக்கிறது. பைடான்டிக் பிளகின் போடாதவரை, பைடான்டிக் கிடைக்கவில்லை என்று அது சொல்லாது. பைடான்டிக்கிலிருந்து வந்த அனைத்தையும் எனியாக்கிவிட்டுப் பச்சை காட்டும். தேவையான லைப்ரரிகளை ‘அடிஷனல் டிபென்டென்சீஸ்’ பட்டியலில் வெர்ஷனோடு எழுதுங்கள். அதைவிட நல்லது, சர்வர் ஓடும் அதே சூழலில் சிஐயில் (ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில்) ஓட்டுவது. ஜாங்கோ என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கில் எழுதிய ப்ராஜெக்ட் என்றால், அதற்கு டைப் தரும் ஜாங்கோ ஸ்டப்ஸின் பிளகின் செட்டிங்ஸ் ஃபைலை நிஜமாகவே ஏற்றும். சீக்ரெட் கீ போன்றவற்றுக்குச் சிஐயில் போலி மதிப்பு கொடுக்காவிட்டால் சோதனை தொடங்குவதற்கு முன்பே நின்றுவிடும்.

எரரை அடக்க ‘டைப் இக்னோர்’ எழுத நேர்ந்தால் சதுர அடைப்பில் எரர் கோடையும் சேர்த்து எழுதுங்கள். ‘வார்ன் அன்யூஸ்டு இக்னோர்ஸ்’ போட்டுவைத்தால் தேவை தீர்ந்தவற்றை அதுவே காட்டிக்கொடுக்கும். வேகம் குறை சொல்லும்படி இல்லை. முதல் ஓட்டம்தான் தாமதம், பிறகு கேஷ் பார்த்துக்கொள்ளும். எடிட்டரோடு வேலை செய்பவர்கள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் டிமைபை டீமனை ஓடவிடலாம்.

போட்டி என்றால் மைக்ரோசாஃப்டின் பைரைட். குறிப்பில்லாத ஃபங்ஷனையும் இயல்பாகவே ஊகித்துச் சோதிக்கிறது. எடிட்டரில் எழுத எழுதப் பதில் தருகிறது. புதிதாக ஃபாஸ்ட்ஏபிஐ என்ற ஃப்ரேம்வொர்க்கில் தொடங்குபவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிளகின் வசதி இல்லை. ஜாங்கோவின் மேனேஜர், க்வெரிசெட் மாயங்கள் பிளகின் இல்லாமல் சரியாகப் பிடிபடுவதில்லை. பழைய ஜாங்கோ ஏபிஐக்கு மைபையே என் தேர்வு. அதை எடுப்பவர்கள் ‘எனி எக்ஸ்ப்ர்ஸ் ரிப்போர்ட்’ அமைப்பை மாதம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எந்த மாட்யூலில் எத்தனை இடத்தில் எனி புகுந்திருக்கிறது என்று எண்ணிக்கையோடு தரும். அடுத்து எந்த ஃபோல்டரைத் திறப்பது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.