ஃபியூஸ் போன டியூப் லைட்: முழுசாக அனுப்புவதா, நொறுக்கி அனுப்புவதா?

கல்லூரி, மில், ஆஸ்பத்திரி என எல்லா இடமும் எல்இடிக்கு மாறிவிட்டது. கழற்றிய பழைய டியூப் லைட்டுகள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. உள்ளே பாதரசம் இருப்பதால் குப்பையில் போட முடியாது. மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். எப்படி அனுப்புவது?

முழுசாக அனுப்ப, புது லைட் வந்த அட்டைப்பெட்டியே போதும். அதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. காலி இடத்தில் அட்டையைச் செருகி, பெட்டியை ஒட்டிவிடலாம். சிலர் ஐந்தாறு லைட்டைச் சேர்த்து டேப் சுற்றிவிடுகிறார்கள். பிரிக்கும்போது உடைவது அதனால்தான். குறை என்றால் இடம் அடைக்கும், வண்டி வாடகை கூடும்.

நொறுக்கும் இயந்திரம் பீப்பாயின் மேல் உட்காரும். நான்கடி லைட்டைக் குழாயில் விட்டால் சில நொடியில் தூள். 200 லிட்டர் பீப்பாயில் ஆயிரம் லைட்டுகூட அடங்கும். போக்குவரத்துச் செலவு நன்றாகக் குறையும். ஆனால் பாதரச ஆவியைப் பிடிப்பது உள்ளே இருக்கும் கரி வடிகட்டி. அதை நேரத்துக்கு மாற்றாவிட்டால் இயக்குபவர்தான் முதலில் சுவாசிப்பார். பீப்பாய் மாற்றும் நேரத்திலும் ஆவி கசியும். நம் ஊரில் வாட்டர் ஃபில்டரையே யாரும் நேரத்துக்கு மாற்றுவதில்லை.

சில நூறு லைட்டுக்கு அட்டைப்பெட்டிதான் சரி. ஆயிரக்கணக்கில் கழற்றும் பெரிய ஆலை, தனி அறை, காற்றோட்டம், பயிற்சி பெற்ற ஆள் எல்லாம் இருந்தால் மட்டும் இயந்திரத்தை யோசிக்கலாம்.