டிபிஎன் பைக்கான ஒளித்தடுப்பு உறை: குழாயையும் மறைக்காமல் பயனில்லை

டிபிஎன் என்பது இரத்தக்குழாய் வழியே ஏற்றும் ஊட்டத் திரவம். ஆம்பர் (பழுப்பு மஞ்சள்) உறை அதன் பையை நன்றாகவே மறைக்கிறது. கோளாறு குழாயில்தான். பச்சிளங்குழந்தைக்கு மிக மெதுவாக ஏறும் திரவம், நிறமற்ற குழாயில், மஞ்சள்காமாலைக்கான நீல விளக்கின் கீழ் நெடுநேரம் தங்குகிறது. அதிலுள்ள ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) அந்த ஒளியை உறிஞ்ச, ஹைட்ரஜன் பெராக்சைடும் அஸ்கார்பைல் பெராக்சைடும் உருவாகின்றன. பெராக்சைடை முறிக்கும் குளூட்டாதயோன் குறைந்த குறைமாதக் குழந்தையின் கல்லீரல் இவற்றைச் சமாளிக்கத் திணறும். 2019இல் ஐரோப்பிய மருந்து முகமை, 2 வயதுக்குட்பட்டோருக்குப் பை, குழாய் இரண்டையும் மறைக்கச் சொன்னதும் இதனால்தான்.

ஆகவே பை உறையோடு ஒளித்தடுப்புக் குழாயும், கொழுப்புத் திரவம் ஏற்றும் சிரிஞ்சுக்கான உறையும் சேர்ந்த செட்டையே வாங்குங்கள். வைட்டமின் கலந்ததுமே மூட வேண்டும். வார்டில் வந்து மூடுவது தாமதம். ஆம்பர் குழாயில் காற்றுக்குமிழியும் படிவும் சட்டெனத் தெரியாது, இணைக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். அலுமினியத் தாள் மலிவுதான். லேபிளை மறைக்கும், கிழியும்.