மறக்கிற நேரம் பார்த்துக் கேட்கிற செயலி: அங்கியோடு 14 மாதம்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனியில் நர்ஸாக அங்கீகாரம் வாங்க பொதுவாக பி2 நிலை வரை ஜெர்மன் கேட்கிறார்கள். பி1 முடித்தாயிற்று, பி2 ஓடிக்கொண்டிருக்கிறது. இலக்கணத்தை வகுப்பில் சொல்லித் தந்துவிடுவார்கள். சொற்களை நாமேதான் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்காக முதலில் காசு கட்டி ஒரு செயலி வாங்கினேன், பெயர் வேண்டாம். மூன்று மாதம் கழித்து 'யானை பால் குடிக்கிறது' என்று ஜெர்மனில் பிசகாமல் சொல்ல வந்தது. நோயாளியிடம் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்கத் தெரியவில்லை.

வகுப்பில் கூடப் படிக்கிற அக்கா ஒருவர்தான் அங்கி (Anki) என்கிற செயலியைக் காட்டினார். ஜப்பானிய மொழியில் இந்தச் சொல்லுக்கு மனப்பாடம் என்று பொருள். எனக்கென்னவோ டாக்டர் மாட்டுகிற வெள்ளை அங்கிதான் ஞாபகம் வருகிறது. டேமியன் எல்ம்ஸ் என்பவர் தான் ஜப்பானிய மொழி படிப்பதற்காக எழுதி 2006-ல் வெளியிட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் திரையில் ஒரு அட்டை: முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், அவ்வளவுதான். சரியாகச் சொன்ன அட்டை நாளைக்கு வரும், அப்புறம் மூன்று நாள், ஒரு வாரம், இருபது நாள் என்று தள்ளித் தள்ளி வரும். மறந்துவிட்டால் மறுபடி கிட்டே வந்துவிடும். வார்டில் பிபி நிலையாக இருக்கிறவரை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்ப்போம், ஆட்டம் காண்கிறவரைக் கால் மணிக்கு ஒருமுறை பார்ப்போம் இல்லையா, அதே கணக்குதான்.

இதில் எனக்குப் பெரிய குறை ஒரு பொத்தானின் பெயர். பதிலைப் பார்த்த பிறகு அகெய்ன், ஹார்ட், குட், ஈஸி என்று நான்கு வரும். ஒரு சொல் மறந்துபோனால் 'கஷ்டமாக இருந்தது' என்று நினைத்து நான் ஹார்டை அழுத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. ஆனால் செயலியின் கணக்கில் ஹார்ட் என்றால் ஞாபகம் வந்துவிட்டது, கொஞ்சம் தடுமாறினேன் என்று பொருள். ஆகவே மறந்த சொல் கிட்டே வராமல் இன்னும் தள்ளிப்போகும். உதவிக் குறிப்பில் இதை விளக்கியிருக்கிறார்கள், படிக்காதது என் தப்புதான். இருந்தாலும், நைட் டியூட்டி முடித்துப் பாதித் தூக்கத்தில் அழுத்துகிற பொத்தானுக்கு உதவிக் குறிப்பு தேவைப்படக் கூடாது. இப்போது மறந்தால் அகெய்ன், ஞாபகம் வந்தால் குட், இந்த இரண்டை மட்டும்தான் தொடுகிறேன்.

அடுத்தது அட்டைகள். மற்றவர்கள் செய்து வைத்த அட்டைக் கட்டுகள் இலவசமாகக் கிடைக்கும். நானும் ஒன்றை இறக்கினேன். அதில் 'ஃபெர்பான்ட்' என்றால் சங்கம் என்று இருந்தது. சங்கம் சங்கம் என்று உருப்போட்டு வைத்தேன். பிறகு வகுப்பில் ஒரு மருத்துவமனை உரையாடல் வந்தது. அதில் நர்ஸ் காலையில் 'ஃபெர்பான்ட்' மாற்றுகிறார். சங்கத்தை எதற்கு மாற்றுகிறார் என்று விழித்தேன். புண்ணுக்குப் போடுகிற கட்டும் அதே சொல்தானாம்! அன்றே இறக்கிய அந்த அட்டைக் கட்டை அழித்துவிட்டேன். இப்போது என் அட்டைகளை நானே எழுதுகிறேன், பொருளைத் தமிழில். ஜெர்மனில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பால் உண்டு. ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, இரண்டுமில்லாத மூன்றாவதற்குப் பச்சை. ஊசி பெண்பால், ரத்த அழுத்தம் ஆண்பால், காய்ச்சல் இரண்டுமில்லை. இதில் நியாயம் தேடினால் பைத்தியம் பிடிக்கும், நிறத்தோடு பார்த்துப் பழகுவதுதான் வழி. உச்சரிப்பையும் அட்டையிலேயே பதிவு செய்யலாம். எங்கள் மிஸ்ஸிடம் கேட்டு முக்கியமான சொற்களை அவர் குரலிலேயே ஏற்றியிருக்கிறேன்.

ஆரம்பத்தில் ஒரே அட்டையில் சொல், பால், பன்மை, எடுத்துக்காட்டு எல்லாவற்றையும் அடைத்தேன். பன்மை மட்டும் மறந்தால் எந்தப் பொத்தானை அழுத்துவது? ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி என்று பிரித்த பிறகுதான் நிம்மதி. ஒரு தடவை தட்டச்சு செய்தால் ஜெர்மனிலிருந்து தமிழ், தமிழிலிருந்து ஜெர்மன் என்று இரண்டு அட்டைகளை அதுவே உண்டாக்கித் தரும் வசதியும் இருக்கிறது.

படித்துப் பழகிய ஒரு அட்டை எட்டு முறை மறந்தால் அதற்கு 'லீச்' என்று முத்திரை குத்தும். லீச் என்றால் அட்டை, ரத்தம் உறிஞ்சுகிற அட்டை. தமிழில் இந்தச் சிலேடை இலவசமாகக் கிடைக்கிறது. என் அட்டைகளில் முதலில் அட்டையானது 'பெஹாண்ட்லுங்', சிகிச்சை. பேச்சுவார்த்தைக்கு 'ஃபெர்ஹாண்ட்லுங்'. இரண்டும் மாறி மாறிக் குழப்பின. தனிச் சொல்லாகக் கேட்காமல் 'நோயாளிக்கு ... தொடங்கியது' என்று கோடிட்ட இடமாக மாற்றினேன், சரியாகிவிட்டது. முத்திரை விழுந்தால் அட்டையைத் திருத்தி எழுத வேண்டும் என்று அர்த்தம். இந்த யோசனையை வைத்தவர் புத்திசாலி.

செயலி தானாக வைத்திருப்பது நாளுக்கு 20 புது அட்டை. நான் ஆசைப்பட்டு 40 ஆக்கினேன், ஒரு நாளைக்கு இத்தனை பழைய அட்டைதான் என்கிற உச்சவரம்பையும் தூக்கினேன். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் வந்தார்கள், அதோடு தொடர்ந்து நைட். பன்னிரண்டு நாள் தொடவில்லை. திறந்தால் 740 அட்டை காத்திருந்தது. மூடிவிட்டேன். புது அட்டையை நிறுத்திவிட்டு தினமும் 60 மட்டும் பார் என்று அந்த அக்கா சொன்னார், ஒரு வழியாகக் கரை சேர்ந்தேன். இப்போது புதிது 12-தான். விட்டுப்போனவர் திரும்பி வந்தால் கையைப் பிடித்து ஏற்றிவிட இந்தச் செயலிக்குத் தெரியவில்லை. முதலில் வாங்கிய செயலி அதில் கெட்டி, தேன் போலப் பேசும்.

அட்டை எப்போது திரும்பி வர வேண்டும் என்று முடிவுசெய்ய, 2023-ல் எஃப்எஸ்ஆர்எஸ் என்றொரு புதுக் கணக்கையும் சேர்த்திருக்கிறார்கள். எத்தனை சதவீதம் ஞாபகம் இருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். 90 என்றே விட்டிருக்கிறேன். ஒரு தடவை 97 வைத்துப் பார்த்து, குவிந்த அட்டைகளைக் கண்டு பயந்து திரும்பி வந்தேன்.

திருமங்கலத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் அன்றைய அட்டைகளில் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. இணையம் வேண்டாம். ஆண்ட்ராய்டில் 'அங்கிட்ராய்டு' என்று தேடி இறக்குங்கள், இலவசம். கம்ப்யூட்டரிலும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் 24.99 டாலர். என் நாத்தனார் ஐபோன்காரி. காசு கொடுக்க மனமில்லாமல் பிரவுசரில் அங்கியின் இணையதளமான அங்கிவெப்பைத் திறந்து படிக்கிறாள், அதுவும் நடக்கிறது.