தளர்த்திய தந்தியின் கனம்: கையஸ் குழுவின் 'வெல்கம் டு ஸ்கை வேலி'

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் என் மாமாவின் கிடங்கில்தான் கையஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் இந்த இசைத்தொகுப்பை நான் முதன்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். அதற்கு முன் ஓராண்டுக் காலம் கைப்பேசியில் கேட்டுக் கேட்டு, இதில் அப்படி என்ன இருக்கிறது என்று புரியாமல் ஒதுக்கி வைத்திருந்தேன். ஈப்போவில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் 25 வெள்ளிக்கு இதன் குறுந்தட்டு கிடைத்தபோதுகூட, அட்டைப்படத்தில் இருந்த சாலையோரப் பெயர்ப்பலகை பிடித்துப்போனதால்தான் வாங்கினேன். மறுநாள் மாமா திருவிழாவுக்கு அனுப்ப வேண்டிய பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். "பாட்டு ஏதாவது வெச்சிருக்கியா மருமவனே, போடு பார்ப்போம்" என்றார். ஆள் உயரப் பெட்டிகளில் முதல் பாட்டின் கிதார் இறங்கியதும் கூரைத் தகரத்தில் தளர்ந்திருந்த ஓர் ஆணி நடுங்கத் தொடங்கியது. மேசைமேல் இருந்த தேநீர்க் குவளையில் வட்ட வட்டமாக அலை எழுந்தது. ஓராண்டாகக் கைப்பேசியில் நான் கேட்டுவந்தது இந்தத் தொகுப்பின் மேல்தோலை மட்டுமே என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்குக் காரணம் உண்டு. கிதாரின் மிகத் தடித்த தந்தியை வழக்கமாக 82 ஹெர்ட்ஸ் அதிர்வுக்குச் சுருதி கூட்டுவார்கள். கையஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜோஷ் ஹோமி அதை இரண்டு முழுச் சுரம் கீழே, ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸுக்கு இறக்கி வாசித்தார். அதோடு நிற்காமல், தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாருக்கென்று செய்யப்பட்ட ஒலிபெருக்கிகள் வழியாகத் தம் கிதாரை ஒலிக்கச் செய்தார். கைப்பேசியின் சின்ன ஒலிவாயால் இந்த மந்தர ஒலியை எழுப்பவே முடியாது. மேலே மிதக்கும் கரகரப்பு மட்டுமே வெளியே வரும். இந்த இசையின் உயிர் அந்த அடித்தளத்தில்தான் இருக்கிறது. ஆகவே, பெரிய பெட்டியோ நல்ல காதொலிப்பானோ இல்லாமல் இதைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்பவர்களை, நானும் ஓராண்டு அப்படிச் சொன்னவன் என்ற முறையில், மறுபடியும் கேட்கும்படி வேண்டுகிறேன்.

தந்தியைத் தளர்த்துவது சுருதியை இறக்குவதோடு முடிந்துவிடுவதில்லை. அதே தந்தியை இரண்டு முழுச் சுரம் இறக்கினால் அதன் இறுக்கம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இறுக்கம் குறைந்த தந்தி அகலமாக ஆடுகிறது. மீட்டிய கணத்தில் சுருதி சற்றே மேலெழுந்து, பிறகு தன் இடத்தில் வந்து அமர்கிறது. ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்ன முனகல் பிறப்பது இதனால்தான். நம்மவர்களுக்கு இது புதிய ஒலி அன்று. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் போகும் உறுமியை நினைத்துப் பாருங்கள். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் ஒலி, அடியாக விழாமல் இழுவையாக நீண்டு வயிற்றுக்குள் போகிறதல்லவா? அந்த இழுவையைத்தான் இந்தக் கிதாரிலும் கேட்கிறேன். இரண்டாவது பாட்டான 'ஆஸ்டிராய்டு' ஓடிக்கொண்டிருந்தபோது மாமா, "ஆளு பாடவே காணோம், ஆனா உறுமி மாதிரி இழுக்குதே" என்றார். அந்தப் பாட்டில் குரலே கிடையாது. மெல்லத் தயங்கித் தயங்கித் தொடங்கி, ஒரு கட்டத்தில் சுவர் சரிவதுபோல் மொத்த எடையும் கீழே இறங்கும் பாட்டு அது. முப்பது ஆண்டுகளாக உறுமி மேளக் குழுக்களுக்கு ஒலி அமைத்தவர் எவ்வித முன்னறிமுகமும் இன்றிச் சொன்ன அந்த ஒரு வரியை, இந்தத் தொகுப்பைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனமாகக் கருதுகிறேன்.

தந்தியைத் தளர்த்தும் இந்த வழக்கத்தின் வேர் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் உலோகத் தகட்டு ஆலையில் வேலை செய்த டோனி அயோமி என்ற இளைஞர், 17 வயதில், எந்திரத்தில் சிக்கி வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கைப் பழக்கம் உள்ளவராதலால் தந்தியை அழுத்த வேண்டிய கை அதுதான். உருக்கிய பிளாஸ்டிக்கில் தாமே விரல் உறைகள் செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்த அவர், வலி குறையவும் கனம் கூடவும் நாளடைவில் தந்திகளைத் தளர்த்தினார். பிளாக் சபாத் குழுவின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவருடைய கிதார் ஒன்றரைச் சுரம் கீழே இறங்கி ஒலித்தது. பின்னாளில் ஸ்டோனர் ராக் என்று பெயர் பெற்ற, கையஸ் வாசித்த இந்த வகை இசை முழுவதும் அந்த ஒலியிலிருந்து கிளைத்ததுதான். விடியலில் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போய்க் கத்தி பட்டுக் காய்த்துப்போன கைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இந்தக் கனமான இசை வேலையில் அடிபட்ட ஒரு கையிலிருந்து பிறந்தது என்ற செய்தி சாதாரணமாகக் கடந்துபோகக் கூடியதாக இல்லை.

கையஸ் குழுவினர் கலிபோர்னியாவின் பாம் டெசர்ட் என்னும் பாலைவன ஊரைச் சேர்ந்தவர்கள். அங்கே இளைஞர்கள் வாசிப்பதற்கு அரங்கு ஏதும் இல்லாததால், பெட்ரோல் ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவில் பாலைவனத்துக்குள் போய், மின்சாரம் உள்ளவரை வாசித்தார்கள். ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லாத வெட்டவெளியில் கூட்டத்தை எட்ட வேண்டுமானால், ஒலி தடிமனாகவும் நிதானமாகவும் இருந்தாக வேண்டும். அந்த வெட்டவெளியின் பழக்கம் இந்தத் தொகுப்பின் ஒவ்வொரு பாட்டிலும் படிந்திருக்கிறது. என் அம்மா வளர்ந்த தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், மாலை ஆறு மணிக்கு 'எஞ்சின்' போடுவார்களாம். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களாம். விளக்கும் வானொலியும் அந்த நான்கு மணி நேரத்துக்குத்தான். ஜெனரேட்டர் ஓடும்வரைதான் பாட்டு என்ற நிலையை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தொகுப்பு 1993இல் பதிவு செய்யப்பட்டு, அவர்களுடைய நிறுவனம் மூடப்பட்டதால் காத்திருந்து, 1994இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. தயாரித்தவர் கிறிஸ் காஸ். ஜான் கார்சியா பாட, ஸ்காட் ரீடர் பேஸ் கிதாரும், பிராண்ட் பியோர்க் முரசும் வாசித்தார்கள். ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பத்துப் பாட்டுகளை மூன்று நீண்ட பகுதிகளாகக் கட்டி, ஒரு பகுதிக்குள் இருக்கும் பாட்டுக்குத் தாவ முடியாதபடி குறுந்தட்டில் அமைத்தார்கள். கவனம் சிதறாமல் கேளுங்கள் என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பும் அட்டையில் உண்டு. பாட்டுக்குப் பாட்டு விரலால் தள்ளிவிடும் இன்றைய பழக்கத்துக்கு இது தொல்லையாகத் தெரியலாம். நான் இதை அவர்கள் செய்த மிக நல்ல காரியமாக எண்ணுகிறேன். ஏனென்றால் இந்த இசை கேட்பவரைத் தன் வேகத்துக்குக் கொண்டுவரச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. ஒரே கிதார் வரி திரும்பத் திரும்ப வருகிறது. முதல் நான்கு முறை அதைக் கேட்கிறோம். எட்டாவது முறை அதை எதிர்பார்க்கிறோம். பதினாறாவது முறை வரும்போது மூச்சு அதன் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டோனர் ராக்கின் மயக்கம் என்று சொல்லப்படுவது இதுதான். தீ மிதிக்கும் நாளில் ஒரே தாளத்தை விடாமல் வாசிக்கும் மேளக்காரர்கள் செய்வதும் இதையேதான்.

முதல் பகுதி 'கார்டீனியா' என்ற பாட்டோடு தொடங்குகிறது. சரக்கு லாரி ஏற்றத்தில் முதல் கியரில் ஏறுவது போன்ற நடை அதற்கு. கார்சியாவின் குரல் கிதாரோடு போட்டி போடாமல் அதற்கு மேலே தனியாக மிதந்து வருகிறது. பகுதியை முடித்துவைக்கும் 'சூப்பா ஸ்கூப்பா அண்ட் மைட்டி ஸ்கூப்' பாட்டின் கடைசியில் குழுவினர் ஒரே அடியில் நிற்கிறார்கள்; மௌனம்; மறுபடி ஓர் அடி; மறுபடி மௌனம். குறுந்தட்டு சிக்கிக்கொண்டது என்று நினைத்து மாமா இரண்டு முறை எழுந்து போனார். மூன்றாவது முறை அவர் எழவில்லை. கையை அந்தரத்தில் வைத்தபடி அடுத்த அடிக்காகக் காத்திருந்தார்.

இரண்டாம் பகுதியில்தான் என் மனம் நிலைக்கிறது. '100 டிகிரி' என்ற சிறிய பாட்டு பாய்ந்து ஓடி முடிகிறது. அவர்களுடைய பாரன்ஹீட் கணக்கில் 100 டிகிரி என்பது நமக்கு ஏறத்தாழ 38. அவர்களுடையது வறண்ட சூடு. நம்முடையது சட்டையை முதுகில் ஒட்டவைக்கும் ஈரச் சூடு. ஆனாலும் அந்தச் சூடு மனிதனுக்குள் கிளப்பும் படபடப்பு ஒன்றுதான் என்பதை அந்தப் பாட்டில் உணர முடிகிறது. அதை அடுத்து, மின்கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, மரக்கிதாரும் பேஸும் மென்மையான தாளமுமாக 'ஸ்பேஸ் கேடட்' வருகிறது. ஏழு நிமிடம் நீளும் அந்தப் பாட்டில் யாரும் அவசரப்படுவதில்லை. பின்னிரவில் கோயில் வாசலில் திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு, மேளத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசிப்பவர்கள் தங்களுக்காகவே விரலால் தட்டிப் பார்க்கும் வேளையை அது எனக்கு நினைவூட்டுகிறது. கனமான இசைத்தொகுப்பு என்று கேள்விப்பட்டு வருபவர்கள் பலர் இந்தப் பாட்டைத் தாண்டிப்போக நினைப்பார்கள். தாண்ட வேண்டாம். முன்னும் பின்னும் உள்ள எடை எவ்வளவு என்று காதுக்குத் தெரிவதே இந்த ஏழு நிமிடத்தால்தான். இதன் முடிவிலிருந்து 'டெமன் கிளீனர்' பாட்டின் வழவழப்பான கிதார் எழும் இடம், முழுத் தொகுப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

மூன்றாம் பகுதி எனக்கு அந்த அளவுக்குச் சீராகப் படவில்லை. 'ஒடிஸி' நன்றாகத் தொடங்குகிறது. 'கோனன் ட்ரவுட்மேன்' வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. 'என்.ஓ.' என்பது ரீடரும் மாரியோ லாலியும் முன்பு வைத்திருந்த அக்ராஸ் த ரிவர் என்ற பாலைவனக் குழுவின் பாட்டு. மூத்தவர்களுக்குச் செய்த மரியாதையாக அதை ஏற்கலாம். ஆனால் எல்லாக் குறையையும் கடைசியில் வரும் 'வைட்வாட்டர்' ஈடுசெய்துவிடுகிறது. தொகுப்பின் மிக நீண்ட பாட்டு இது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட நீடிக்காத ஒரு கேலித் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். அதை நீக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அவ்வளவு பெரிய அமைதிக்குள் கேட்பவரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உடனே தோளைப் பிடித்து உலுக்குவதுபோல் இருக்கிறது.

ஸ்டோனர் என்ற பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கஞ்சா மயக்கத்தில் இருப்பவரைக் குறிக்கும் சொல் அது. இந்தப் பெயரைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. கள்ளும் சம்சு என்னும் மலிவுச் சாராயமும் தோட்டங்களில் எத்தனை குடும்பங்களைக் கரைத்தன என்பதை எங்கள் ஊரில் வயதான எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வார். நம் நாட்டின் 1952ஆம் ஆண்டு அபாயகரமான போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்பதும் எல்லாருக்கும் தெரியும். நான் தேநீர் குடித்துக்கொண்டு கேட்டேன். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு கேட்டார். மயக்கம் தர வேண்டிய அனைத்தும் அந்தத் தளர்ந்த தந்திக்குள்ளும், திரும்பத் திரும்ப வரும் அந்த வரிக்குள்ளும் இருக்கிறது. வெளியிலிருந்து எதையும் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை என்று இளையவர்களுக்குச் சொல்லித்தான் இந்தத் தட்டை இரவல் கொடுக்கிறேன்.

பாட்டின் சொற்களில் கதையோ கருத்தோ தேடுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். கார்சியா பாடும் வரிகளில் பாதி எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டவை என்னைப் பெரிதாகக் கவரவும் இல்லை. வேகமான கிதார் வித்தை வேண்டுபவர்களும் வேறு தொகுப்பை நாடலாம். இந்த அளவு கனத்தை முதன்முறை கேட்பவர்கள் இரண்டாம் பகுதியில் தொடங்கி, பழகிய பிறகு முதல் பகுதிக்கு வரலாம். வீட்டில் பெரிய பெட்டி இல்லையென்றால், காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கோலகங்சார் போகும் பழைய சாலையில், செம்பனை இரண்டு பக்கமும் நெருங்கி வரும் பகுதியில் கேட்கலாம். 'வைட்வாட்டர்' முடிந்ததும் கை நீட்டி நிறுத்திவிடுங்கள். அன்று கிடங்கில் நான் நிறுத்த எழுவதற்குள் அந்தக் கேலித் துண்டு ஓடிவிட்டது. மாமா அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, கூரையில் ஆடிக்கொண்டிருந்த ஆணியைச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிட்டு, இரண்டாம் பகுதியை மறுபடியும் போடச் சொன்னார்.