பாட்டு வர வேண்டிய இடத்தில் என்ன வருகிறது? அந்த நாள், வீடு, கைதி

போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத்துக்கு ஒன்றாக மூன்று படங்களை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். 1954இல் வந்த ‘அந்த நாள்’, 1988இல் வந்த ‘வீடு’, 2019 தீபாவளிக்கு வந்த ‘கைதி’. மூன்றிலும் படத்துக்கென்று போட்ட பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. கைதியில் பழைய பாட்டு ஓரிரண்டு காற்றில் வந்து போகும், அவ்வளவுதான்.

நம் படங்களில் பாட்டு செய்கிற வேலை கொஞ்சநஞ்சமில்லை. காதல் முளைத்து வளர்வது, பத்து வருஷம் ஓடுவது, அழுத மனசு ஆறுவது எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பள்ளம் விழும். அதை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்று பார்த்தால் மூன்று இயக்குநர்களும் மூன்று திசையில் போயிருக்கிறார்கள்.

‘அந்த நாள்’ படத்தை எடுத்தவர் எஸ். பாலசந்தர். வீணை பாலசந்தர் என்றால் உடனே தெரியும். சங்கீதத்திலேயே ஊறிய ஒரு மனிதர், பாட்டும் வேண்டாம், நடனமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம் என்று படம் எடுக்கிறார். அதுவும் ஏவி.எம். தயாரிப்பில். பாட்டுக்காகவே தியேட்டருக்குப் போன காலம் அது. படம் அப்போது ஓடவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

1943 அக்டோபர், சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த மறுநாள். படம் தொடங்கிய உடனேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி சுருண்டு விழுகிறார். ‘பராசக்தி’ வந்து இரண்டே வருஷம் ஆன நிலையில், கதாநாயகன் முதல் காட்சியிலேயே பிணம்! அதன்பிறகு துப்பறியும் அதிகாரியாக ஜாவர் சீதாராமன் வந்து ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். திரைக்கதை எழுதியவரும் அவரே. மனைவி, தம்பி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் செத்தவர் வேறு ஆளாகத் தெரிகிறார், கொலைகாரரும் மாறிக்கொண்டே போகிறார்.

பாட்டின் இடத்தில் இங்கே வருவது இந்த மறுபார்வைதான். அதே வீடு, அதே மனிதர்கள், வேறு வாய். இந்தக் கதையில் ஒரு நாட்டியக்காரியும் உண்டு. வேறு எந்த இயக்குநராக இருந்தாலும் அவளுக்கு ஒரு நடனம் வைத்து விநியோகஸ்தர்களைச் சமாதானப்படுத்தியிருப்பார். பாலசந்தர் அசையவில்லை. இந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. மாருதி ராவின் ஒளிப்பதிவில் விழும் நிழல்களைப் பார்ப்பதற்காகவே இரண்டாவது தடவையும் பார்க்கலாம். குறை என்றால், பேச்சு நிறைய. சில இடங்களில் மேடை நாடகத்தின் நெடி அடிக்கிறது. கொலையாளி யார் என்று இங்கே சொல்லமாட்டேன். ஆனால் பண்டரிபாய் நடித்த உஷா இல்லையென்றால் அந்த முடிவுக்குக் கனமே வந்திருக்காது.

‘கைதி’ நேர்மாறு. ஒரே ராத்திரி, ஒரு லாரி, அதில் மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்கள், துரத்தும் கும்பல். பள்ளத்தை வேகத்தாலும் சத்தத்தாலும் நிரப்புகிறார் லோகேஷ் கனகராஜ். சாம் சி.எஸ். பின்னணி இசை தியேட்டரில் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தது. வீட்டு டிவியில் அதே இசை பல காட்சிகளில் கொஞ்சம் அதிகமாகப் பட்டது. மௌனம் தேவைப்படும் இடத்திலும் அது சும்மா இருப்பதில்லை.

இருந்தாலும் ஓரிடத்தில் இந்தப் படம் மற்ற இரண்டுக்கும் சமமாக எழுந்து நிற்கிறது. கார்த்தி நடித்த டில்லி, தன் மனைவியைப் பற்றிப் போலீஸ் அதிகாரியாக வரும் நரேனிடம் சொல்லும் காட்சி. வழக்கமாக அந்த இடத்தில் ஃபிளாஷ்பேக் வரும், அதற்குள் ஒரு டூயட் வரும். இங்கே மனைவியை நம் கண்ணில் காட்டுவதே இல்லை. கார்த்தி பேசப் பேச, கேமரா அவர் முகத்திலேயே நிற்கிறது. ஒரு வாழ்க்கை முழுக்க அந்தக் குரலில்தான் வருகிறது. மகளுக்காக அவர் எடுத்துவரும் கம்மலும் அப்படித்தான், ஒரு தாலாட்டுப் பாட்டு செய்ய வேண்டியதை அந்தச் சின்னப் பொருள் செய்துவிடுகிறது.

கமிஷனர் அலுவலகத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் ஏட்டு நெப்போலியன், அதாவது ஜார்ஜ் மரியான், இன்னொரு பலம். கடைசியில் வரும் பெரிய துப்பாக்கிக் காட்சி எனக்கு ஒட்டவில்லை. அதுவரை கஷ்டப்பட்டுக் கட்டிய நம்பகம் அங்கே கரைகிறது. பெண்களுக்கும் இந்தப் படத்தில் இடமே இல்லை. 1954இல் உஷாவை எழுத முடிந்திருக்கிறது, 65 வருஷம் கழித்து எடுத்த படத்தில் மனைவி வெறும் நினைவு.

‘குருதிப்புனல்’ (1995) படத்தையும் இந்த வரிசையில் சேர்க்கச் சொல்வீர்கள். பி.சி. ஸ்ரீராம் இயக்கம், கமல், அர்ஜுன், நாசர் நடிப்பு என்று எதிலும் குறையில்லை. ஆனால் அது இந்திப் படத்தின் மறுஆக்கம், பாட்டு இல்லை என்ற முடிவு அங்கிருந்தே வந்தது. அதனால் விட்டுவிட்டேன்.

சரி, ‘வீடு’. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். வேலைக்குப் போகும் சுதா, ஒரு தங்கை, வயதான தாத்தா. சிறியதாக ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்று இறங்குகிறார்கள். கதை இவ்வளவுதான். இதில் துப்பாக்கியும் இல்லை, வில்லனும் இல்லை. ஆனால் கடன் கிடைக்குமா, மழை வந்தால் என்ன ஆகும், கான்ட்ராக்டர் என்ன செய்கிறார் என்று எனக்கு வந்த பதற்றம் கைதியில்கூட வரவில்லை. பாலு மகேந்திரா பள்ளத்தை நிரப்பவே இல்லை. அன்றாட வேலையும் கவலையும் அங்கே அப்படியே கிடக்கின்றன. சுதாவும் அவள் காதலன் கோபியும் சேர்ந்து நடக்கும்போதும் பேச்சு பணத்தைப் பற்றித்தான். அது எவ்வளவு நெருக்கமான காதல் காட்சி!

அப்புறம் தாத்தா. சொக்கலிங்க பாகவதர் பாதி கட்டிய வீட்டைப் பார்க்க வந்து, சுவரைத் தடவித் தடவி ஒவ்வொரு அறையாக நடக்கிறார். படத்துக்கு இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தின் இசையைத்தான் எடுத்து வைத்திருக்கிறார்கள், வேறெங்கோ பிறந்த இசை. அது இந்தச் சுவர்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது. வரியும் இல்லை, பாடகரும் இல்லை. மூன்று படங்களிலும் எனக்குப் பாட்டாகக் கேட்டது இந்த இடம் ஒன்றுதான். சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததும் இந்தப் படத்துக்குத்தான்.

பாட்டில்லாத படமா என்று தயங்குபவருக்கு முதலில் கைதியைக் கொடுங்கள், ஓடிவிடும். எழுதுவதில் ஆசை இருப்பவர் அந்த நாளைத் தவறவிடக் கூடாது. என்னைக் கேட்டால் வீடுதான் முதலிடம்.

அந்த நாள் ஓடும்போது அம்மா இரண்டு தடவை “பாட்டு எப்ப வரும்?” என்று கேட்டார். கைதியில் கேட்கவில்லை, கடைசிச் சண்டையில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வீடு படத்தில், சிமென்ட் திருடு போவதைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம வீட்டுக்கும் இப்படித்தான் ஆச்சு. உங்கப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல” என்றார். எங்கள் வீட்டுக்கு இப்போது இருபத்தாறு வயது. படத்தை நிறுத்திவிட்டு, அந்தக் கதையைக் கேட்டோம்.